சூளையை வாங்கியவரும் என் சட்டிகளும்

செவ்வாய்க்கிழமை, இரவு

முதலாளி என்று நாங்கள் சொல்லும் வியாபாரியிடம் முன்பு லொறி மட்டும்தான் இருந்தது. எங்கள் எருமைத் தயிரை வாங்கிக் கொழும்புக்கு ஏற்றினார். பிறகு தீவனக் கடை போட்டார். போன மாதம் தயிர்ச்சட்டி சுடும் சூளையையும் வாங்கிவிட்டார்.

இன்று காலை சட்டி எடுக்கப் போனேன். "தயிர எனக்கே தந்தாச் சட்டி தருவன். செங்கலடிச் சந்தையில வித்தா இல்ல" என்றார். சந்தை விலையில் பாதிகூட அவர் தருவதில்லை. வீட்டில் பால் காய்ச்சி வைத்துவிட்டுப் போயிருந்தேன். அழுகைதான் வந்தது.

வந்த கோபத்தில், தயிர் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் ஃபோனில் செய்தி அனுப்பினேன்: வெறுஞ்சட்டி கிடந்தால் தாருங்கள். மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது! கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டிகூட வந்தது. பக்கத்து வீட்டு ராணியக்கா புதினாவைப் பிடுங்கிப்போட்டுச் சட்டியைத் தந்தாள்.

"என்னகா பாக்குறாய்? புதினா மறுகா முளைக்கும். தயிர் இல்லாட்டி என்ட மனுசன் சோத்தத் தொடமாட்டார்."

இருவரும் சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தோம். சிரித்தே களைத்துப் போனோம். இந்தச் சட்டிகளும் ஒருநாள் உடையும். அப்போது... சரி, அப்போது பார்ப்போம்.

பொழுதுபடும் நேரம் ஓட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முதலாளியின் மனைவி! கையில் ஆறு சட்டி.

"உங்கட மெசேஜ ஆரோ எனக்கும் அனுப்பினாங்க. அவருக்குச் சொல்லிப்போடாதீங்க. வாங்குற தயிர் எல்லாத்தயும் லொறியில ஏத்திருவார், வீட்டுக்கு ஒரு கரண்டி மிஞ்சாது. நாளைக்கு எங்களுக்கும் ஒரு சட்டி வைங்க."

உறை ஊற்றிவிட்டேன். அவளுக்குப் பெரிய சட்டி.