கருப்பைக்கு வெளியே

சுகர் லேண்ட்
12-3-1998, வியாழன்

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் வெள்ளியங்கிரி, அண்ணி, பேரன் மகிழன் எல்லோரும் சுகம், உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி வசந்தாமணி எழுதுகிறாள். இர்விங்கில் உன் வீட்டுக்குப் போன் பண்ணினால் உன் மாமியார் எடுத்து நீ தூங்குகிறாய் என்கிறார், ஆபீசுக்குப் பண்ணினால் மீட்டிங்ப்பா, அப்புறம் பேசறேன் என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் ஒரே நாளில் போய்ச் சேருகிற தபாலில் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். நீ மறுபடி உண்டாகியிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதம் முடிகிற வரை யாருக்கும் சொல்லக் கூடாது, டாக்டரிடமும் போக வேண்டாம் என்று சம்பந்தியம்மா சொல்லியிருப்பதும் தெரியும். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணு, போன புரட்டாசியில் உனக்கு ஆபரேஷன் ஆனபோது உன் வீட்டார் எல்லோரிடமும் அப்பெண்டிக்ஸ் என்றுதான் சொன்னார்கள். கோயிலுக்கு வருகிற ஆன்ட்டிகளும் நம்பி, அதுக்கென்ன, ஒரு வாரத்துல எந்திரிச்சரலாம் என்று தீபாவளிக்கு முறுக்குப் பிழியக் கூப்பிட, நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாய். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சொன்ன சொல் என் காதிலேயே இருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது, காதில் விழுந்ததுதான் எனக்கு எழுத்து. எக்டோபிக் என்றார்.

செவ்வாய்க்கிழமை, என் நெஞ்சு நடுநடுவே ஒரு துடிப்பு தவறுகிறது என்று அண்ணனும் அண்ணியும் என்னை டாக்டர் ராமசுப்ரமணியனிடம் கூட்டிப் போனார்கள். அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, எக்டோபிக் பீட் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனுங்க, அது என்ற பொண்ணுக்கு வயித்துல வந்ததாச்சுங்களே, கெழவன் நெஞ்சுக்குள்ள எப்படீங்க வந்துச்சு என்று கேட்டேன். பெரியவரே, உங்களுக்கு மசக்கை ஒண்ணும் இல்லீங்க என்று சிரித்தார். அப்புறம் விளக்கமாகச் சொன்னார். கிரேக்க பாஷையில் எக் என்றால் வெளியே என்று பொருளாம். துடிப்பு அதனிடத்துக்கு வெளியே பிறந்தாலும் அந்தப் பேர், கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கினாலும் அந்தப் பேர். பின்னால் தோலாகப் போகிற கருவின் வெளிப்படலத்துக்கும், மாட்டுத் தோலில் வெளியே ஒட்டி ரத்தம் குடிக்கிற உண்ணிக்கும்கூட அதே வேரில் பேர் வைத்திருக்கிறார்களாம். பேர்தான் ஒரே குடும்பம், ஆபத்து ஒரே மாதிரி இல்லீங்க, உங்களுது காப்பியைக் குறைச்சாலே அடங்கிரும், உங்க பொண்ணுது உசிரு போற சமாச்சாரம் என்றார். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த உன் அண்ணி, டாக்டர், செல்வி மறுபடி உண்டாயிருக்கா, மூணு மாசம் மூச்சு விடாதேன்னு மாமியார் சொல்லிட்டாங்களாம் என்று அங்கேயே அழுதுவிட்டாள். நீ நம்பிச் சொன்னதை உடைத்தாள் என்று அவளைக் கோபிக்காதே. டாக்டர் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒருதரம் குழாயில் தங்கினால் இன்னொருதரமும் தங்கலாம், ஆறேழு வாரத்திலேயே ஸ்கேன் பண்ணி எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்தே ஆகணும், நீங்க மூணு மாசம் பொறுத்தாலும் கொழாய் பொறுக்காதுங்க என்றார். நீ ஃப்ரீவேயில் கார் ஓட்டியதால்தான் போன தடவை அப்படி ஆயிற்று என்று சம்பந்தியம்மா சொன்னாரே, அதையும் கேட்டேன். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க என்றார். இனி அந்தப் பழியை நீ சுமக்காதே.

சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை, கண் படும் என்ற பயம். ஊருக்கு மறைக்கட்டும், நானும் வாய் திறக்க மாட்டேன். டாக்டருக்கு மறைக்க மட்டும் விட மாட்டேன். இதைப் படித்து முடித்ததும் ஆபீஸ் போனிலிருந்தே உன் டாக்டரம்மாவைக் கூப்பிடு, போன தடவை எக்டோபிக் என்று முதலிலேயே சொல்லு, இன்றைக்கே வா என்றால் இன்றைக்கே போ. நாங்கள் சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பி மத்தியானம் இர்விங் வந்துவிடுவோம். மாப்பிள்ளையிடமும் அவர் அம்மாவிடமும் நான் பேசிக்கொள்கிறேன், கோபம் வந்தால் என்மேல் வரட்டும். டாக்டர் சொன்னபடி, அடிவயிறு வலித்தாலோ, தோள் வலித்தாலோ, தலை சுற்றினாலோ நீயாகக் காரை எடுக்காதே, ஆம்புலன்சுக்கு 911 கூப்பிடு, மறந்துவிடாதே.

குழந்தை அதனிடத்தில் இருந்தால் நம் வீட்டுக்குச் சந்தோஷம். இல்லாவிட்டால், எனக்கு என் குழந்தை இருக்க வேண்டும். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் அம்மிணி.

இப்படிக்கு
உன் அப்பா நாச்சிமுத்து
(கைநாட்டு)