கடைக்காரனின் கோட்டு

தூங்கும் மைத்துனனின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, ஏரம்பமூர்த்தி வேலைக்குக் கிளம்புமுன் சீட்டு எழுதினான்.

"நல்லதம்பி, பானையிலை சோறு இருக்கு. வெளியிலை போனா, சாவியைக் கீழ்வீட்டிலை குடும். யாழ்ப்பாணத்தை விட்டு இஞ்ச வந்தது சரியோ எண்டு நேற்றுக் கேட்டீர். பிறகு சொல்லுறன்."

படித்துப் பார்த்தான். நேற்றும் இப்படித்தான் நழுவியிருந்தான். சீட்டின் அடியில் நெருக்கி எழுதினான்:

"நான் கணக்கு எழுதுற கிளாக்கர் இல்லை. கிடங்கிலை மூட்டைகளுக்கு இலக்கம் போடுறன். நான் கோட்டுப் போட்டு ஊருக்கு அனுப்பின படத்தைப் பாத்துத்தானே வாத்தியார் வேலையை விட்டிட்டு வந்தனீர்? அந்தக் கோட்டு, சிராங்கூன் ரோட்டிலை படம் பிடிக்கிற கடைக்காரன்ரை. வெள்ளிக்கிழமை ஊருக்குக் கப்பல் இருக்கு. நிக்கிறதோ போறதோ, நீர்தான் முடிவெடுக்க வேணும்.

இண்டைக்கு அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுத்தா, உம்முடைய சட்டையோடையே நில்லும். அந்தக் கோட்டுக்கு முதுகெல்லாம் கிழிசல்."