ஏசி அறையில் அறிவு மேலாண்மை

10 மார்ச் 2003, திங்கள்
இப்போதே மே மாதத்து வெயில். கல்லூரியில் அறிவு மேலாண்மை மையம் திறப்பு. பொறுப்பாளர் நான், தமிழ்த்துறையில் வேலை குறைவு என்பது முதல்வரின் எண்ணம். அவரவருக்குத் தெரிந்ததை அங்குள்ள கணினியில் ஏற்றிவிட வேண்டும். ஆள் ஓய்வு பெற்றாலும் அறிவு ஓய்வு பெறக் கூடாதாம். கணினிக்குச் சூடு ஆகாது என்பதால் ஏசி. ஆசிரியர்களுக்குச் சூடு ஆகும்.
இன்று வந்து சேர்ந்த அறிவு: வேதியியல் – விடுமுறைப் பட்டியல். பொருளாதாரம் – காலிக் கோப்பு ஒன்று, கடவுச்சொல் போட்டுப் பூட்டியது.
வெள்ளைச் சட்டை சலவைக்கு.

11, செவ்வாய்
மதியச் சாப்பாட்டுக்குப் பின் மையம் நிறைந்துவிட்டது. ஏழெட்டுப் பேர், எல்லோரும் கண்ணை மூடியபடி. ஏசியின் மெல்லிய இரைச்சல், கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல். நானும் கொஞ்சம்.
விழித்திருந்தது தாவரவியல் பார்வதி மட்டும். மணிக்கணக்குச் சம்பளம். வெள்ளிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஜூனில் வேலை கிடையாது. அட்டவணை ஒன்றும் சரியாக வரவில்லை. பக்கத்து நாற்காலியில் புள்ளியியல் செல்லையா. அவருடைய பாடக் குறிப்புகளை சக ஆசிரியர் ஒருவர் தன் பெயரில் கையேடாகப் போட்டதிலிருந்து, எவருக்கும் எதுவும் சொல்லித் தராதவர். பார்வதி அவரைக் கேட்கவுமில்லை. திரையைப் பார்த்து, செடிகளின் சராசரி உயரம் இவ்வளவு குறைகிறதே என்று தனக்குள் முனகினாள்.
கண்ணைத் திறக்காமல் செல்லையா: "எம்புட்டுச் செடி செத்துச்சு?"
"அஞ்சு, சார்."
"அதோட உயரத்துக்கு என்ன போட்ட?"
"சைபர்."
"செத்த செடிக்கு ஏதும்மா உயரம்? சைபர் போட்டா, கணக்கு அதக் குட்டச் செடின்னுல்ல நெனைக்கும். காலியா விடு."
மூலையிலிருந்து வரலாற்று ஆசிரியர், தூக்கக் கலக்கத்தில்: "எங்க துறையில செத்த பெறகுதான்யா உயரமே."

12, புதன்
பார்வதி இரண்டு அட்டவணை முடித்தாள். செல்லையா கண் மூடியபடியே வழி சொன்னார். முதல்வருக்குத் தர வேண்டிய மைய அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது? 'அறிவுப் பரிமாற்றம், குறட்டையுடன்' என்று எழுதி அடித்துவிட்டேன்.
மூன்று மணிக்கு முதல்வர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, தர்மாஸ்பத்திரி வார்டா?"
மையத்துக்குப் பூட்டு. இனி எழுதிக் கொடுத்து அனுமதி பெற்று, ஒவ்வொருவராக வந்து அறிவை ஏற்றலாம். உள்ளே கணினி மட்டும் குளுகுளுவென்று இருக்கிறது.
பார்வதிக்கு இன்னும் மூன்று அட்டவணை. ஆசிரியர் அறையில் அவள் அருகில் வந்ததும் செல்லையா செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். விழித்திருக்கும்போது வேறு ஆள்.

13, வியாழன்
காற்றே இல்லை. மாலை, கொட்டாம்பட்டி பஸ். எனக்கு ஒத்தக்கடை, பார்வதிக்குக் கடைசி வரை. அவள் மடியில் ஆய்வேட்டுத் தாள்கள். கிளம்பும் நேரத்தில் செல்லையா ஏறி அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்.
"அய்யா, எங்க போகணும்?" கண்டக்டர்.
"பழங்காநத்தம்."
"அது அந்தப் பக்கம்லய்யா. இது கொட்டாம்பட்டி வண்டி."
"திரும்பி வரும்ல?"
"வரும்..."
"அப்பச் சரி. கொட்டாம்பட்டி ஒண்ணு."
யானைமலை வெகுநேரம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே வந்தது. வெயில் தணிந்த நேரத்தில் அதற்கும் தூக்கம்போல. செல்லையா கண்ணை மூடிக்கொண்டார். "ம், மூணாவது அட்டவணை. படி."
பார்வதி படித்தாள். பாதியில் நின்றாள். "பஸ் ஆடுது சார். எழுத்துத் தெரியல."
செல்லையா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பின்னால் திரும்பினார்.
"குடு இங்க, பாப்போம்."
ஒத்தக்கடை. இறங்கிவிட்டேன்.