நான் தின்னாத இனிப்பு

19 ஜூன் 2024, புதன்

கரும்பலகையில் இருந்ததை இன்றும் பக்கத்தில் உட்காரும் பூங்குழலியின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அதிலும் பாதிதான் தெரிந்தது. சிவப்பு மையும் கறுப்பு மையும் ஒன்றுபோல் இருக்கின்றன. கண்ணாடி மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இன்னா தின்ன?"

ஏழு வயதில் சுகர் வந்தது. அன்றிலிருந்து இதே கேள்விதான். ஊசியை வேளை தவறாமல் நானே போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் அடிக்கடி தண்ணீர் குடித்தால் எதையோ திருடித் தின்றுவிட்டேன் என்று அர்த்தம். நைனா ஒருமுறை என் காலேஜ் பையைக் கொட்டிப் பார்த்தார். சுகர் இருந்தால் பொய்க்காரியாகவும் இருக்க வேண்டுமா?

24 ஜூன், திங்கள்

மாடியிலிருந்து பார்த்தால் ராஜகிரிக் கோட்டையின் உச்சிக் கட்டடம் தெரியவில்லை. மேகம் என்று நினைத்தேன். மேகமே இல்லை என்றான் அண்ணன்.

5 ஜூலை, வெள்ளி

செஞ்சி டாக்டர் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசினார். "வாயைக் கட்டலன்னா கண்ணு போவாம இன்னா ஆவும்?"

மூன்று மாதச் சராசரி சுகர் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். "நெட்டுல படிச்சிட்டு வந்து என்கிட்ட பேசாத" என்றார். ரிப்போர்ட்டை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

12 ஜூலை, வெள்ளி

நான் சண்டை போட்டதால் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "விழித்திரையில சுகர் பாதிப்பே இல்லம்மா. பார்வை நரம்புதான் ரெண்டு கண்லயும் வெளுத்திருக்கு. இது வேற."

சுகர் சரியாக இருக்கும் நாளிலும் தாகம் எடுக்குமா என்று கேட்டார். எடுக்கும் என்றேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

வோல்ஃப்ராம் நோயாம். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மரபணு டாக்டர் நிதானமாகச் சொன்னார். செல்லுக்குள் புரதம் செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. செய்த புரதம் சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். தப்பாக மடிந்தவை சேர்ந்துவிட்டால் செல்லுக்கு நெருக்கடி. உடனே செல் புரதம் செய்வதைக் குறைக்கும், மடிந்ததைச் சரி பார்க்கும், ஆகாததைக் கழித்துக்கட்டும். அந்த நெருக்கடியை அடக்கி வைக்க ஒரு புரதம் உண்டு. எனக்கு அதுதான் பழுது. நெருக்கடி அடங்காமலே போனால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

"இன்சுலின் செய்யற செல்லுக்குத்தான் வேலை ஜாஸ்தி. அதான் அது முதல்ல போச்சு. இப்ப நரம்பு. அந்தத் தாகமும் இதாலதான்."

"நான் எதாவது தின்னதாலயா?" என்று கேட்டேன். அம்மா காதில் விழட்டும் என்றே கேட்டேன்.

"பொறக்கும்போதே இருந்ததும்மா. நீ எதையும் தின்னதால வரல."

குணமாக்க மருந்து இல்லை. இருக்கிற பார்வையும் குறையும். பஸ்ஸில் அம்மா அழுதாள். நான் அழவில்லை. எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் உள்ளே செல் செல்லாகச் செத்துக்கொண்டிருந்தது. வெளியே இவர்கள் என் பையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

28 ஆகஸ்ட், புதன்

அம்மா நைனாவுக்குச் சொந்த மாமன் மகள். இரண்டு பேரிடமும் பழுதான அந்த மரபணு ஒவ்வொன்று இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் நோய் வராதாம்; எனக்கு இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. அண்ணன் பிரசாந்துக்கும் ஒன்று இருக்கலாம். தை மாதம் அவன் கட்டப்போவது பனமலை அத்தையின் மகள் அனுவை. அத்தை நைனாவின் கூடப்பிறந்தவள். அனுவுக்கும் இருந்தால்?

நைனா சொன்னது: "கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. என் தங்கச்சிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

நான் என்ன, மூடி வைக்கிற ஓட்டையா? நாளைக்கு அனுவுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதையும் இன்னா தின்ன, இன்னா தின்னன்னு கேப்பீங்களா? கத்திவிட்டேன். அண்ணன் எழுந்து வெளியே போனான்.

8 செப்டம்பர், ஞாயிறு

பஸ் போர்டு படிக்க முடியாது. கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு பனமலை போனேன். ஏரிக்கரையில் அனுவை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, சோதனை செய்துகொள்ளத்தான் சொன்னேன்.

"உங்க அண்ணன் ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

9 செப்டம்பர், திங்கள்

அத்தை போன் செய்தாள். வியாதிக்காரக் குடும்பத்தில் பெண் கொடுக்க மாட்டாளாம். அவள் பிறந்த குடும்பம்தான் இது.

20 அக்டோபர், ஞாயிறு

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவனும் அனுவும் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு ஒன்று இருக்கிறது. அனுவுக்கு இல்லை. பிறக்கும் பிள்ளைக்கு என் நோய் வராது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அப்படியும் அத்தை கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. நைனா என்னைப் பார்த்து, "திருப்தியா?" என்றார்.

ஆம், திருப்திதான். இப்போது அவர்களுக்கு உண்மை தெரிந்தல்லவா இருக்கிறது.

29 நவம்பர், வெள்ளி

அத்தையின் மூத்த மகள் ஜெயஸ்ரீ அக்கா, தன் தாய்மாமனை, அதாவது என் சித்தப்பாவைக் கட்டியவள். அவள் மகளுக்குச் சுகராம். ஆறு வயது.

அத்தை அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. எனக்குச் செய்தாள். "அந்த டாக்டரு எந்தக் கெழமைல இருப்பாரு?"

3 டிசம்பர், செவ்வாய்

தடித்த பேனாவில் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் எட்டு வரிதான் வருகிறது.

காலையில் புதுச்சேரி பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்து ஏற்றினாள். முன் சீட்டில் ஜெயஸ்ரீ அக்கா. குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. திண்டிவனம் வரும்போது அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த செல்லு சாவும்போது வலிக்குமா, தமிழினி?"

எத்தனையோ பேர் என்னை எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதில்லை.

"இல்ல அத்தை. ஒண்ணும் தெரியாது."

ஆஸ்பத்திரி வாசல் வரை அத்தை என் கையை விடவில்லை.