இது உண்மையா என்றுதான் கேட்டேன்

பியோர்ண்டால், ஒஸ்லோ
3.11.2025

அன்பின் குகநேசனுக்கு,

நலம். முழங்கால் மட்டும் குளிரோடு சண்டை பிடிக்கிறது. கைபேசியில் எழுதினால் யாராவது பாதியை வெட்டி மற்றவர்களுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் தாளில் எழுதுகிறேன்.

இங்கே ஒஸ்லோ குறொன்லாண்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் ராசமலர், தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்தெடுக்கக்கூடிய பிள்ளைகள் நலக் கந்தோருக்குத் தகவல் கொடுக்கிறா என்று எனக்கொரு செய்தி அனுப்பினாயே. அதை எங்கள் மூத்தோர் வட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது உண்மையா?" என்று மட்டும் கேட்டேன். வழியில் கேள்வி உதிர்ந்துவிட்டது. இப்போது "குலேந்திரன் மாஸ்ரர் சொன்னவர்" என்றே சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை கடைக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள்.

இருபத்தாறு பேரிடம் "உங்களுக்கு யார் அனுப்பினது?" என்று கேட்டுக் கொப்பியில் பெயர் எழுதி அம்புக்குறி போட்டேன். எல்லாம் என்னிடமே வந்து நிற்கின்றன. பிழை என்னுடையதாகவும் இருக்கலாம். உனக்கு யார் அனுப்பினது?

உன்,
குலேந்திரன்

பேர்கன்
8.11.2025

குலேந்திரன்,

எனக்கு ஒருத்தரும் அனுப்பேல்லை. நான்தான் எழுதினது.

என்ரை மனிசியின்ரை திவசத்துக்கு ஒஸ்லோவிலை இருந்து ஒரு போன் வரேல்லை. நீ ஆருக்கோ என்ரை பெயரைச் சொல்லியிருக்கிறாய் போல, இந்தச் செய்திக்குப் பிறகு ஒரே கிழமையிலை பதினொரு பேர் எடுத்தவை. "அண்ணை, இன்னும் என்ன தெரியும்?" எண்டு. கேக்கிறவைக்குச் சொல்ல ஏதாவது தெரிஞ்சுதானே ஆகவேணும்? ராசமலரோடை எனக்கொரு கோபமும் இல்லை. அவவின்ரை கடையை எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

உனக்கு மட்டும்தான் அனுப்பினனான். நீ பயந்துபோய் நாலு பேரிட்டைக் கேப்பாய் எண்டு தெரியும். கணக்கு வாத்தி கேட்டால், சனம் அதைப் பதில் எண்டுதான் எடுக்கும்.

கொப்பியைக் கிழிச்சுப்போடு. உனக்குத்தான் நல்லது.

குகநேசன்

பியோர்ண்டால்
17.11.2025

குகநேசனுக்கு,

உன் கடிதத்தை ராசமலருக்கு வாசித்தேன். கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருக்கிறா. கறிவேப்பிலையை அடுக்கிக்கொண்டே சொன்னா: "எனக்கேன் வாசிக்கிறியள், மாஸ்ரர்? பரப்பின இடத்திலை வாசியுங்கோ."

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு உன் கடிதத்தையும் என் கொப்பியையும் படமெடுத்துக் குழுவில் போட்டு, "என் வழியாகப் பரவியது பொய்" என்று எழுதினேன். எழுபது பேர் பார்த்தார்கள்.

இன்று காலை வேறொரு செய்தி வந்தது. "குலேந்திரன் மாஸ்ரரும் அவவோடை கூட்டு. கந்தோருக்கு அறிவிக்க வைச்சிருக்கிற இருபத்தாறு குடும்பத்தின்ரை பெயர் இந்தக் கொப்பியிலை." கொப்பியின் படம் இருக்கிறது. உன் கடிதத்தின் படம் இல்லை.

நீதான் எழுதினாயா என்று கேட்கப் போவதில்லை. இனி எதுவும் கேட்டு உனக்கு எழுத மாட்டேன்.

அந்தச் செய்தியின் கீழே யாரோ ஒருவர், என்னைப்போல் பயந்தவராக இருக்கவேண்டும், கேட்டிருக்கிறார்: "இது உண்மையா?"

குலேந்திரன்