செட்னா கிட்டே வரும்போது

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் கயிற்றுக் கடையைத் தாண்டும்போது புது நார் வாசனை வந்தது. நின்றுவிட்டேன். கனகசெட்டிக்குளம் கடற்கரையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிறும் கையுமாக நீ நின்றதுதான் நினைவுக்கு வந்தது.

சூரியனைத் தொலைதூரத்தில் சுற்றும் செட்னா என்ற குட்டிக் கோளைக் கண்டுபிடித்த செய்தி பேப்பரில் வந்த வருஷம் அது. ஒரே பள்ளியில் நீ அறிவியல் டீச்சர், நான் தமிழ். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மணலில் இரண்டு முளை அடித்தாய். கயிற்றை வளையமாகக் கட்டி அவற்றில் போட்டு, குச்சியால் இழுத்துப் பிடித்தபடி சுற்றிவந்து செட்னாவின் பாதையை வரைந்தாய். வெள்ளரிக்காய் மாதிரி நீண்டு கிடந்தது. ஒரு கோடியில் இருந்த முளைதான் சூரியன். உன் வளையலைக் கழற்றி அதைச் சுற்றிப் போட்டாய்.

"நம்ம பூமி சுத்தற பாதை இவ்ளோதான்."

செட்னாவுக்கு ஒரு செங்கல் துண்டு. அதுவும் அப்படித்தான் சிவப்பாம், புளூட்டோவைவிடச் சின்னதாம், உறைந்துபோகிற குளிராம். ஒரு சுற்று முடிக்கப் பத்தாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகுமாம். இப்போது சூரியனை நெருங்குகிறது, இன்னும் எழுபது வருஷத்தில் ரொம்பக் கிட்டே வரும் என்றாய்.

"அப்போ நீங்க இருப்பீங்களா டீச்சர்?" என்று முன்னால் நின்ற பெண் கேட்டாள்.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று முந்தின வாரந்தான் டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளியில் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

நீ சிரித்தாய். "நான் இருக்க மாட்டேன்டி. நீ இருப்ப, பல்லு போன கிழவியா. எனக்கும் சேத்துப் பாத்துடு."

திரும்பும்போது பஸ்ஸில், "பயமா இல்லையாடி?" என்றேன்.

"காலைல இருந்துச்சி. இப்போ பசிக்குது," என்றாய்.

அடுத்த வருஷம் பள்ளி திறப்பதற்குள் போய்விட்டாய். வேறு ஆள் வரும்வரை உன் வகுப்பை என்னைப் பார்க்கச் சொன்னார்கள். "மாத்தலாயி போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க, பசங்க தாங்காதுங்க," என்றார் தலைமையாசிரியர். தலையாட்டிவிட்டுத்தான் போனேன். ஆனால் பிள்ளைகள் "டீச்சர் எங்க?" என்று கேட்டதும் எனக்குப் பொய் வரவில்லை.

"செத்துட்டாங்க," என்றேன்.

வகுப்பே அழுதது. நானும் அழுதேன். கொஞ்சம் அடங்கிய பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "பாடம் எடுங்க டீச்சர்," என்றது. எடுத்தேன்.

எனக்கும் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இன்றுவரை உள்ளதைத்தான் சொல்கிறேன். உன்னைப் போலச் சிரித்துக்கொண்டே சொல்லத்தான் இன்னும் வரவில்லை.