அம்மா பார்க்காத பந்து

ஞாயிறு இரவு, மயூர் விஹார்

பிறந்து வளர்ந்த டெல்லியிலேயே இன்று வெளியூர் அணிக்காகக் கூடைப்பந்து ஆடினேன். கடைசி நொடியில் எனக்கு ஃப்ரீ த்ரோ. விழுந்தால் ஆட்டம் சமன். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. டெல்லி ரசிகர்கள் குதூகலத்தில் கத்தினார்கள். நான் எறியும்போதெல்லாம் கண்ணை மூடி முருகனைக் கும்பிடும் அம்மா, அந்தச் சத்தத்தை நம்பி எழுந்து நின்று கைதட்டினாள்.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேசரி கிண்டினாள். "நீ கடைசி பந்துகூட கரெக்டா போட்டேடி. மத்த நாலு பேரும் சரியா ஆடலைன்னா நீ என்ன பண்ணுவே?"

உடைமாற்றும் அறையில் நான் அழுதபோது கட்டிக்கொண்டது அந்த நாலு பேர்தான்.

"ஆமாம்மா" என்று சொல்லி இன்னொரு கரண்டி கேசரி வாங்கிக்கொண்டேன்.